ஆயுதக் கொள்முதல் பற்றிய அறுபது வருட ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

கேள்வி இது: "எம்.பி.ஏ. முடித்துவிட்டு அரசுக் கொள்முதலில் ஆராய்ச்சி செய்யலாம் என்று பார்க்கிறேன். அமெரிக்காவில் பாதுகாப்புத் துறைக் கொள்முதல் பற்றி மட்டுமே தனியாக ஆராய்ச்சி நடக்கிறது என்கிறார்கள். இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு காலம் ஆராய்ந்தும் அங்கே ஆயுதத் திட்டங்கள் ஏன் இன்னும் சொன்ன செலவுக்குள் முடிவதில்லை? அந்த ஆராய்ச்சியில் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா? எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?"

உருப்படியாக நிறைய இருக்கிறது. ஆனால் அது சொல்லும் முக்கியமான விஷயம் ஆட்சியில் இருப்பவர்களுக்கு ருசிப்பதில்லை. கொள்முதல் விதிகளை மாற்றி எழுதியதால் செலவு மீறல் குறைந்தது என்பதற்குச் சான்று மிகக் குறைவு. ஆரம்பத்தில் சொல்லும் மதிப்பீடு நேர்மையானதா, பொருளைப் பற்றி எவ்வளவு தெரிந்த பிறகு விலையை முடிவு செய்கிறார்கள், வாங்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு விஷயம் தெரியுமா என்ற மூன்றும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இதைத்தான் வேறு வேறு தரவுகளை வைத்து, வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது 1962-ல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியிலிருந்து வந்த ஓர் ஆய்வு. மெர்ட்டன் பெக், ஃபிரெடெரிக் ஷெரர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 12 ஆயுதத் திட்டங்களை எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் சொன்ன செலவையும் கடைசியில் ஆன செலவையும் ஒப்பிட்டார்கள். செலவு சராசரியாக 3.2 மடங்கு ஆகியிருந்தது. காலம் 1.36 மடங்குதான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் ஒரு செய்தி இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தோடு போட்டி உச்சத்தில் இருந்த நேரம் அது. ஆயுதம் சீக்கிரம் வேண்டும், சொன்ன திறன் இருக்க வேண்டும், காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே நடைமுறையாக இருந்தது. எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்களோ அதுதான் கைமீறிப் போனது.

அதைவிட முக்கியமாக அவர்கள் சொன்னது, ஆயுதம் வாங்குவதில் சந்தை என்று ஒன்று முழுமையாக இருக்கவே முடியாது என்பது. வாங்குபவர் ஒருவர்தான். விற்பவர்கள் நாலைந்து பேர். வாங்கும்போது பொருளே இருக்காது, அது ஒரு வரைபடம், ஒரு வாக்குறுதி. ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து நாலு வருடம் ஓடிவிட்டால், இவர் வேண்டாம் என்று இன்னொருவரிடம் போவது கிட்டத்தட்ட முடியாத காரியம். பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்ற ஆலிவர் வில்லியம்சனும் 1960-களில் பாதுகாப்பு ஒப்பந்தங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பிடித்த கையை விடமுடியாத இந்த நிலைமைதான் அவருடைய பிற்காலக் கோட்பாட்டின் மையம்.

சரி, ஒப்பந்த வகைகளுக்கு வருவோம். இது புரிந்தால் பாதித் துறை புரிந்த மாதிரி.

ஒரு முனையில் நிலையான விலை ஒப்பந்தம். இவ்வளவு தருகிறேன், முடித்துக் கொடு, கூடக் குறைய ஆனால் உன் பாடு. இன்னொரு முனையில் செலவைத் திருப்பித் தரும் ஒப்பந்தம். ஆகிற செலவை அரசு கொடுக்கும், மேலே ஒரு குறிப்பிட்ட தொகை லாபமாகக் கிடைக்கும். செலவில் இத்தனை சதவீதம் லாபம் என்று மட்டும் எழுதக் கூடாது, அது சட்டப்படி தடை, ஏனென்றால் செலவை ஏற்ற ஏற்ற லாபம் ஏறும். நம் ஊரில் வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசலாம், இல்லை பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசலாம் அல்லவா, ஏறக்குறைய அதுதான். மேஸ்திரியால் சதுர அடிக் கணக்குச் சொல்ல முடிவதற்குக் காரணம் அவர் அதே மாதிரி நூறு வீடு கட்டியிருப்பது. யாருமே கட்டாத ஒரு வீட்டுக்கு அவர் என்ன கணக்குச் சொல்வார்?

இரண்டு முனைக்கும் நடுவே ஊக்க ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். இலக்குச் செலவு 100 கோடி, இலக்கு லாபம் 10 கோடி, உச்ச விலை 118 கோடி, கூடினாலும் குறைந்தாலும் ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு 90 ஆனால் மிச்சமான 10-ல் பாதி நிறுவனத்துக்கு, ஆகவே லாபம் 15. செலவு 110 ஆனால் லாபம் 5. செலவு 116-ஐத் தொடும்போது லாபம் 2, விலை 118, அதாவது உச்சம். அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு ரூபாயும் முழுக்க நிறுவனத்தின் தலையில். அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல் இந்த ஒப்பந்தங்களைப் படிக்க முடியாது.

காகிதத்தில் அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை உண்டு. 1960-களிலேயே இதை ஆராய்ந்தவர்கள் கேட்டார்கள்: இலக்குச் செலவை யார் சொல்வது? விஷயம் தெரிந்தவர் நிறுவனத்துக்காரர்தான். நிஜத்தில் 90 ஆகும் வேலைக்கு 100 என்று இலக்கு வைக்கச் சொல்லி வாதாடி வாங்கிவிட்டால், பிறகு வரும் "சேமிப்பு" உண்மையான சேமிப்பே இல்லை. ஷெரர் இன்னொன்றையும் கவனித்தார். ஒரு ஒப்பந்தத்தில் கிடைக்கும் லாபத்தைவிட அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா, நம் பொறியாளர்களுக்கு வேலை இருக்குமா என்பதுதான் நிறுவனங்களை அதிகம் ஆட்டிவைக்கிறது. லாப சதவீதத்தை மட்டும் திருகினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தவர்களுக்கு இது அன்றே சொல்லப்பட்ட பதில்.

பின்னாளில் ழான்-ஜாக் லாஃபோனும் ழான் திரோலும் இதை முறையான கோட்பாடாக்கினார்கள். திரோலுக்கு 2014-ல் நோபல் கிடைத்தது. செலவைப் பற்றி வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரியும், அந்த அறிவுக்கு ஒரு விலை கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 2001-ல் பாட்ரிக் பஜாரியும் ஸ்டீவன் டடெலிஸும் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். நிறுவனம் எதையோ மறைக்கிறது என்பதைவிட, இந்தப் பொருள் கடைசியில் எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது என்பதுதான் பிரச்சினை என்றார்கள். எளிமையான, மாறாத வேலைக்கு நிலையான விலை நல்லது. சிக்கலான, வழியில் மாறக்கூடிய வேலைக்கு அது ஆபத்து, ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபேரம் பேச வேண்டும், ஒவ்வொரு பேரமும் சண்டை. என் பார்வையில் இந்தத் துறையில் நடைமுறைக்கு மிக நெருக்கமான கோட்பாடு இதுதான். முதலில் படிக்க வேண்டிய கட்டுரை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்தக் கோட்பாடு வருவதற்கு முன்பும் பின்பும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் சிக்கலான வேலைக்கு முன்கூட்டியே விலையைக் கட்டிப்போடும் அதே தவறை மூன்று விமானங்களில் செய்தது. நான் விரிவாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

முதலாவது சி-5ஏ சரக்கு விமானம். மெக்நமாரா பாதுகாப்புச் செயலராக இருந்தபோது, செலவைத் திருப்பித் தரும் ஒப்பந்தங்களால் அலுத்துப்போய், வடிவமைப்பு, உருவாக்கம், உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் முன்கூட்டியே விலை பேசிவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1965-ல் லாக்ஹீட் அந்த ஒப்பந்தத்தைப் பெற்றது. விமானத்தின் எடை கூடிக்கொண்டே போனது. ஒப்பந்தத்தில் சொன்ன எடைக்குள் நிற்க இறக்கையின் கட்டுமானத்தை இலேசாக்கினார்கள். 1968 நவம்பரில் விமானப்படையின் செலவு ஆய்வாளர் ஏர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் நாடாளுமன்றக் குழு முன் வந்து, சுமார் 200 கோடி டாலர் கூடுதலாகப் போகிறது என்பதை மறைக்காமல் சொன்னார். அதற்காக வேலையை இழந்தார், வருடக்கணக்காகப் போராடித்தான் திரும்ப வந்தார். 115 விமானங்கள் என்று பேசியது 81-ல் நின்றது. 1971-ல் லாக்ஹீட் 20 கோடி டாலர் நஷ்டத்தை ஏற்றுக்கொள்ள, ஒப்பந்தம் செலவைத் திருப்பித் தரும் வகைக்கே மாற்றப்பட்டது. பிறகு 1980-களில் அந்த விமானங்களுக்கு இறக்கையையே மாற்ற வேண்டியிருந்தது. எடையில் மிச்சம் பிடித்ததற்கு அரசு தனியாக 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது.

இரண்டாவது கடற்படையின் ஏ-12. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறக்கும், ரேடாருக்கு எளிதில் சிக்காத முக்கோண வடிவத் தாக்குதல் விமானம். 1988 ஜனவரியில் மெக்டானல் டக்ளஸ், ஜெனரல் டைனமிக்ஸ் இரண்டும் சேர்ந்த குழுவுக்குக் கொடுத்தார்கள், சுமார் 480 கோடி டாலர் உச்ச விலையோடு. இங்கே கவனிக்க வேண்டியது போட்டியில் நடந்தது. பி-2 குண்டுவீச்சு விமானத்தால் இந்தத் தொழில்நுட்பத்தில் அனுபவம் பெற்றிருந்த நார்த்ராப் இருந்த குழு, இப்படிப்பட்ட விமானத்தை நிலையான விலைக்கு உருவாக்க ஒப்புக்கொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டது. விஷயம் தெரிந்தவர் விலகிக்கொள்ள, தெரியாதவர் ஜெயித்தார். ஏலங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் வெற்றியாளரின் சாபம் என்று சொல்வார்கள். குறைவாக மதிப்பிட்டவருக்கே டெண்டர் கிடைக்கும், ஆகவே ஜெயித்தவர் தப்பாக மதிப்பிட்டவராக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

1990 ஏப்ரலில் பாதுகாப்புச் செயலர் டிக் செனி நாடாளுமன்றத்திடம் திட்டம் நன்றாகப் போகிறது என்றார். ஜூனில் நிறுவனங்கள் உச்ச விலைக்குள் முடிக்க முடியாது என்று சொல்லிவிட்டன. கடற்படை நடத்திய விசாரணையில் தெரியவந்ததுதான் எனக்கு இன்றும் உறைக்கும் விஷயம். தகவல் இல்லாமல் இல்லை. செய்த வேலைக்கும் ஆன செலவுக்கும் உள்ள விகிதத்தை மாதாமாதம் கணக்கிடும் முறை அப்போதே இருந்தது. கீழே இருந்த ஆய்வாளர்கள் அதை வைத்துப் பெரிய மீறல் வரும் என்று சொன்னார்கள். மேலே போனது நம்பிக்கையான கணக்கு மட்டும். 1991 ஜனவரி 7 அன்று செனி திட்டத்தையே ரத்து செய்தார். கொடுத்த பணத்தில் சுமார் 135 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டது அரசு, நிறுவனங்கள் மறுத்தன, வழக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014-ல்தான் சமரசம்: ஆளுக்கு 20 கோடி டாலர் அளவுக்கு. அதையும் பணமாகத் தரவில்லை. மெக்டானல் டக்ளஸை வாங்கியிருந்த போயிங் மூன்று விமானங்களாகக் கொடுத்தது, ஜெனரல் டைனமிக்ஸ் ஒரு போர்க்கப்பல் திட்டத்தில் வேலையாகக் கொடுத்தது. இருபத்து மூன்று வருட வழக்குக்குப் பிறகும் பறக்க ஒரு ஏ-12 கிடையாது.

அந்தத் தோல்வியிலிருந்து உருப்படியான ஆராய்ச்சி ஒன்று பிறந்தது. டேவிட் கிறிஸ்டென்சன் என்பவர் முடிந்துபோன நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை எடுத்து அந்த மாதாந்திர விகிதத்தைப் பின்தொடர்ந்தார். வேலை 20 சதவீதம் முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு மொத்த விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் அசைவதில்லை. அசைந்தாலும் பெரும்பாலும் மோசமாகத்தான் போகிறது. ஐந்தில் ஒரு பங்கு வேலைக்குள்ளேயே கடைசிச் செலவு ஓரளவு தெரிந்துவிடுகிறது, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லும் திட்ட அதிகாரியை நம்ப வேண்டியதில்லை என்று அர்த்தம். எல்லா வகை ஒப்பந்தங்களுக்கும் இது இதே அளவுக்குப் பொருந்தாது என்று பிறகு வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் பேச வழி செய்தது பெரிய விஷயம்.

மூன்றாவது கேசி-46, வானில் எரிபொருள் நிரப்பும் விமானம். 2008-ல் நார்த்ராப், ஏர்பஸ்ஸின் தாய் நிறுவனம் சேர்ந்த குழுவுக்குக் கிடைத்தது. போயிங் முறையிட்டது, அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ அந்த முறையீட்டை ஏற்றது. மறுபடி டெண்டர் போட்டு 2011-ல் போயிங்குக்கே கொடுத்தார்கள், உருவாக்கத்துக்கு 490 கோடி டாலர் உச்ச விலை வைத்த ஒப்பந்தமாக. எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்று போயிங் குறைத்துப் போட்டது. இதுவரை 700 கோடி டாலருக்கு மேல் கையிலிருந்து போட்டிருக்கிறது. அரசுக்கு லாபம்தானே என்று தோன்றும். எரிபொருள் நிரப்பும் ஆளுக்கு வெளியே காட்டும் கேமரா அமைப்பு சரியில்லாமல் விமானப்படை வருடக்கணக்காகக் குறைபாடுள்ள விமானத்தோடு ஓட்ட வேண்டியிருந்தது. நஷ்டத்தை நிறுவனத்தின் தலையில் கட்டலாம், ஆனால் தாமதத்தையும் குறையையும் ராணுவம்தான் சுமக்கும்.

அப்புறம், உங்கள் முதல் கேள்வி: இவ்வளவு ஆராய்ந்தும் திட்டங்கள் ஏன் சொன்ன செலவுக்குள் முடிவதில்லை? சீர்திருத்தங்களும் செய்தார்களே, பலன் என்ன? 1986-ல் டேவிட் பேக்கார்டு தலைமையில் ஒரு பெரிய ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகள் பெரும்பாலும் நடைமுறைக்கு வந்தன. 1999-ல் கிறிஸ்டென்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் 269 ஒப்பந்தங்களை வைத்து முன்பும் பின்பும் ஒப்பிட்டார்கள். சராசரி மீறல் குறையவில்லை, சில வகைகளில் கூடியிருந்தது. ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2006-ல் முடிந்துபோன திட்டங்களைப் பார்த்தபோது, முழு அளவிலான உருவாக்கம் தொடங்கும்போது சொன்ன மதிப்பீட்டைவிட மொத்தச் செலவு சராசரியாக 46 சதவீதம் ஏறியிருந்தது, விலைவாசி ஏற்றத்தையும் எண்ணிக்கை மாற்றத்தையும் கழித்த பிறகே.

டேவிட் மெக்நிகோல் என்ற ஆய்வாளரின் ஆய்வுகள் இதில் தனி இடம் பெற வேண்டியவை. அவர் திட்டங்களை இரண்டாகப் பிரித்தார்: பாதுகாப்பு பட்ஜெட் இறுக்கமாக இருந்த காலத்தில் அனுமதி பெற்றவை, தாராளமாக இருந்த காலத்தில் அனுமதி பெற்றவை. இறுக்கமான காலத்தில் பிறந்த திட்டங்களில் செலவு மீறல் தெளிவாக அதிகம். கொள்முதல் விதி எந்தப் பதிப்பு என்பதற்கு அந்த அளவுக்கு விளைவு தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். பணம் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு படைப்பிரிவும் தன் திட்டத்தை எப்படியாவது பட்ஜெட்டுக்குள் நுழைக்கப் பார்க்கும். நுழைய வேண்டுமென்றால் குறைந்த தொகை சொல்ல வேண்டும். நிறுவனமும் குறைத்துச் சொல்லத் தயார், ஒருமுறை உள்ளே போனால் நிறுத்த மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். இரண்டு தரப்பும் சேர்ந்து சொல்லும் பொய்யான கணக்கை எந்த விதிப்புத்தகம் தடுக்கும்?

நன்-மெக்கர்டி சட்டத்தையே பாருங்கள். ஒரு ஆயுதத்தின் தலா விலை நடப்பு அடிப்படை மதிப்பீட்டைவிட 25 சதவீதத்துக்கு மேல், அல்லது முதல் மதிப்பீட்டைவிட 50 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டால், பாதுகாப்புச் செயலர் இது தேவைதான் என்று சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டம் ரத்து. 1982 முதல் இருக்கும் சட்டம். சென்டினல் ஏவுகணைத் திட்டம் 2024-ல் இதில் சிக்கியது. செலவு 81 சதவீதம் ஏறி 14,090 கோடி டாலருக்குப் போயிருந்தது. சான்று கொடுக்கப்பட்டது, திட்டம் தொடர்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2009-ல் வந்த சட்டம் செலவு மதிப்பீட்டுக்கென்று தனி அலுவலகத்தைப் பலப்படுத்தியது. அதற்குப் பிந்தைய வருடங்களில் ஒப்பந்தச் செலவு ஏற்றம் குறைந்திருப்பதாகப் பென்டகனே 2013 முதல் 2016 வரை ஆண்டறிக்கைகளில் காட்டியது. அது சட்டத்தால் வந்ததா, அப்போது புதிய பெரிய திட்டங்கள் குறைவாகத் தொடங்கியதால் வந்ததா என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் கவனியுங்கள், பலன் கிடைத்தது என்று சொல்லக்கூடிய அந்த ஒரே இடமும் நேர்மையான மதிப்பீட்டைக் குறிவைத்த இடம்தான்.

போட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990-களில் அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போடும் பெரிய ஆயுத நிறுவனங்கள், அதாவது முதன்மை நிறுவனங்கள், 51 இருந்தன, இன்று 5 என்று பென்டகனின் 2022 அறிக்கை சொல்கிறது. போட்டி குறைந்தால் விலை ஏறும் என்பதுதானே பொதுப்புத்தி. ரோட்ரிகோ கரில், மார்க் டக்கன் இருவரும் இதைத் தரவை வைத்துச் சோதித்தார்கள். நிறுவனங்கள் இணைந்ததால் போட்டியில்லாத ஒப்பந்தங்கள் கூடின, நிலையான விலையிலிருந்து செலவைத் திருப்பித் தரும் வகைக்கு நகர்ந்தார்கள். பெரிய ஆயுதங்களின் செலவு அதனால் ஏறியதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. ஒற்றை வாங்குபவராக அரசுக்கு இருக்கும் பலம் ஒரு விளக்கமாக இருக்கலாம்.

உதிரி பாகங்களில் நிலைமை வேறு. அங்கே அந்தப் பலத்தையும் காணோம். டிரான்ஸ்டைம் என்ற நிறுவனத்திடம் வாங்கிய 47 பாகங்களைப் பென்டகனின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் எடுத்துப் பார்த்தது. 2019 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. 46 பாகங்களில் அளவுக்கு மீறிய லாபம், ஒரு பாகத்தில் 4,451 சதவீதம். கேள்விக்குள்ளான 1.61 கோடி டாலரை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. இது எப்படி நடந்தது? அந்தப் பாகத்தைச் செய்வது அந்த ஒரு நிறுவனம்தான். செலவுக் கணக்கைச் சான்றோடு காட்ட வேண்டும் என்ற 1962-ம் வருடச் சட்டம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கே பொருந்தும், இவை அதற்குக் கீழே இருந்தன. ஒப்பந்த அதிகாரி கணக்கைக் கேட்டாலும் நிறுவனம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலானவற்றில் சட்டமீறல் எதுவும் இல்லாமலேயே இது நடந்தது என்பதுதான் ஆராய்ச்சியாளருக்கு இதில் உள்ள பாடப்பொருள்.

இனி மனிதர்கள். ஆராய்ச்சி மிகக் குறைவாகத் தொட்ட இடம் இது, ஆனால் தொட்ட இடமெல்லாம் பலன் தெரிகிறது. 1990-களில் கொள்முதல் பணியாளர்களை வெட்டித் தள்ளினார்கள். பிறகு ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் வந்து ஒப்பந்தங்கள் குவிந்தன. ஜாக் கான்ஸ்லர் தலைமையிலான குழு 2007-ல் பார்த்தபோது, 1990-ல் தரைப்படையில் ஒப்பந்தத் துறையிலிருந்து வந்த ஐந்து தளபதி இடங்கள் இருந்தன, அப்போது ஒன்றுகூட இல்லை. 2020-ல் வெளிவந்த டெக்கரோலிஸ் குழுவின் ஆய்வு அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களை ஒப்பிட்டது. திறமையான கொள்முதல் அலுவலகங்களில் தாமதமும் செலவு மீறலும் மறுபேரமும் தெளிவாகக் குறைவு. திறமையான இடத்துக்கு எளிய வேலைகள் போயிருக்கலாமே என்ற சந்தேகத்தைத் தீர்க்க, பணியாளர்கள் எதிர்பாராமல் இறந்துபோனதால் ஏற்பட்ட மாற்றத்தைப் பயன்படுத்திச் சரிபார்த்தார்கள். படிக்கக் கனமாக இருக்கும், ஆனால் காரணத்தை நிறுவ ஆராய்ச்சியாளர் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதற்கு நல்ல உதாரணம்.

இன்னொரு அழகான ஆய்வு லீப்மன், மஹோனி இருவரும் 2017-ல் வெளியிட்டது. நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது, செலவழிக்காத பணம் போய்விடும். ஆகவே கடைசி வாரத்தில் மத்திய அரசின் ஒப்பந்தச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப் போல 4.9 மடங்கு. அந்த வாரத்தில் தொடங்கிய தகவல் தொழில்நுட்பத் திட்டங்களின் தரமும் கணிசமாகக் குறைவு. நீதித் துறைக்கு மட்டும் மிச்சப் பணத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போகும் அனுமதி இருந்தது, அங்கே அந்தத் தரக்குறைவு காணப்படவில்லை. ஒரு விதி மாற்றம் பலன் தரக்கூடும் என்று காட்டும் அபூர்வமான சான்று இது.

நீங்கள் தரவைத் தொடுவதற்கு முன் சில எச்சரிக்கைகள். ஒப்பந்தத் தரவுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன, யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில் நீங்களே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒப்பந்தம் பல திருத்த வரிகளாக இருக்கும், கூட்டத் தெரியாவிட்டால் தப்பான எண் வரும். ரகசியத் திட்டங்கள் அதில் இல்லை. பாதுகாப்புத் துறை வரிகள் 90 நாள் தாமதமாகவே வெளியாகும். பெரிய ஆயுதத் திட்டங்களுக்கு 1969 முதல் நாடாளுமன்றத்துக்குப் போகும் செலவு அறிக்கைகள் இருக்கின்றன, அவற்றில் அடிப்படை மதிப்பீட்டை நடுவில் மாற்றிவிடுவார்கள், மாற்றியதும் மீறல் மாயமாகிவிடும். ரத்தான திட்டங்கள் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி ஒன்று உண்டு. செலவைத் திருப்பித் தரும் ஒப்பந்தங்களில் மீறல் அதிகம், ஆகவே அந்த வகை கெட்டது என்று எழுதும் ஆய்வேடுகள் இன்றும் வருகின்றன. கடினமான வேலைக்குத்தான் அந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மீறலுக்குக் காரணம் வேலையின் கடினம். இதைப் பிரித்துப் பார்க்காத ஆய்வு எதையும் சொல்லவில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியின் கொள்முதல் ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து. 2003-ல் தொடங்கியது, வருடாவருடம் கருத்தரங்கு நடத்துகிறார்கள், கட்டுரைகள் எல்லாம் இலவசம். அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் பணியில் இருக்கும் ராணுவ அதிகாரிகள், ஒப்பந்தத்தைக் கையால் எழுதியவர்கள். அவர்களுடைய ஆய்வேடுகளில் புள்ளியியல் சில நேரம் பலவீனமாக இருக்கும், ஆனால் அலுவலகத்தில் நிஜமாக என்ன நடக்கிறது என்பது பேராசிரியர்களின் கட்டுரைகளைவிட அதில் நன்றாகத் தெரியும். ஜிஏஓ 2003 முதல் வருடந்தோறும் வெளியிடும் ஆயுதத் திட்ட மதிப்பீட்டை ஒரு வருடத்துடையதையாவது முழுதாகப் படியுங்கள். ராண்ட் அறிக்கைகளும் இலவசம். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் அரசு ஒப்பந்தங்களுக்கென்றே ஒரு மையம் 2019 முதல் இயங்குகிறது, அவர்கள் எழுதுவது கொஞ்சம் எளிமையாக இருக்கும். பாதுகாப்புக் கொள்முதலின் பொருளாதாரத்தைப் பற்றி வில்லியம் ரோஜர்சன் 1994-ல் எழுதிய கட்டுரை கணிதம் இல்லாமல் புரியும், பெக்-ஷெரரைப் படித்த கையோடு அதைப் படிக்கலாம்.

தலைப்பு தேர்ந்தெடுப்பதைப் பற்றி என் அபிப்பிராயம்: செலவு மீறல் சராசரியை இன்னொரு முறை கணக்கிடாதீர்கள், அது ஏராளமாக இருக்கிறது. வழக்கமான கொள்முதல் விதித்தொகுப்புக்கு வெளியே மாதிரிகள் செய்யப் போடும் ஒப்பந்தங்கள் சமீப வருடங்களில் வேகமாகப் பெருகியிருக்கின்றன. வேகம் கிடைக்கிறது என்கிறார்கள், மாதிரியிலிருந்து உற்பத்திக்கு எத்தனை போயின என்பதைப் பற்றிய நல்ல ஆய்வுகள் குறைவு. சிறு நிறுவனங்களுக்கான மானியத்தில் விமானப்படை 2018-ல் ஒரு மாற்றம் செய்தது. என்ன வேண்டும் என்று தானே எழுதாமல், உங்களிடம் என்ன இருக்கிறது என்று நிறுவனங்களைக் கேட்டது. ஹோவெல் குழு இதை ஆராய்ந்து, அப்படிக் கேட்டுக் கொடுத்த மானியம் பெற்றவர்களுக்குப் பிறகு ராணுவ ஒப்பந்தமும் தனியார் முதலீடும் கூடுதலாகக் கிடைத்ததையும், பழைய வழியில் கொடுத்ததற்கு அப்படிப்பட்ட விளைவு தெரியாததையும் காட்டியது. மதிப்பெண் கோட்டுக்கு ஒட்டி மேலே வந்தவர்களையும் ஒட்டிக் கீழே தவறியவர்களையும் ஒப்பிடும் முறை அது. உங்கள் ஆய்வுக்கு அந்த முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், தலைப்பை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.